முப்பத்திரண்டு பக்கம், கலர்

வாங்கியாயிற்று.
நானூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.
கையில் எதுவும் வந்து சேரவில்லை.
கட்டைவிரல் வைத்த இடத்தில்
திரை கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான்.

தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றில்
சிடி பிளேயரின் கண்
இரண்டாம் முறையும் பூத்துப்போனபோது
இனி தட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.
இருந்த தட்டுகள் பால்கனிக் கம்பியில் தொங்குகின்றன,
புறா விரட்ட.
புறாக்கள் அவற்றில் முகம் பார்த்துக்கொண்டு
அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன.

இது விரிவாக்கிய பதிப்பு.
ஒன்பது பாட்டு, கூடுதலாக நான்கு.
தட்டு வாங்குகிறவருக்கு அந்த நான்கு கிடையாது.
ஒத்திகை வீடியோ உண்டு,
முப்பத்திரண்டு பக்கத்தில் பிடிஎஃப் புத்தகம் உண்டு.
நீளமாக என்னவோ எழுதியிருந்ததைப் படிக்காமல்
'ஒப்புக்கொள்கிறேன்' என்பதைத் தொட்டேன்.
வீட்டுக்கடன் பத்திரத்திலும் அப்படித்தான் செய்தேன்.

எண்பத்தேழு சதவீதத்தில் நின்றது.
சிப்காட் பக்கமிருந்து அந்த வாடை வந்தது.
எழுந்து போய் ஜன்னலை மூடினேன்.
திரும்பிப் பார்த்தால் நூறு.

பதினேழாம் பக்கத்தில் ஒரு படம்:
ஒலிப்பதிவு அறை. சத்தம் வருமென்று
நிறுத்தி வைத்த மின்விசிறி.
செல்லோக்காரர் கழுத்தில் ஈரத்துண்டு.
மூலையில் யாருடையதோ எவர்சில்வர் டிபன் கேரியர்.
இரண்டு விரலால் விரித்தேன்.
துண்டின் இழை வரைக்கும் வந்தது,
பாடுகிறவளின் முகம் திரைக்கு வெளியே போயிற்று.
முழுதாகப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சந்து,
தெய்வீகன் ஜெராக்ஸ்.
பென்டிரைவை நீட்டினேன்.
'என்ன மேடம், பட்டாவா?'
'பாட்டு.'
'பாட்டை எப்படி ஜெராக்ஸ் எடுக்கிறது?'
'உள்ள ஒரு புத்தகம் இருக்கு. கலர்ல வேணும்.'
'பக்கம் பத்து ரூபா. முன்னூத்தி இருவது.
பைண்டிங் தனி.'

வாங்காமல் விட்ட தட்டின் விலையை
மனசுக்குள் கூட்டிக் கழித்தேன்.
எனக்குப் பின்னால் ரேஷன் கார்டில்
பெயர் திருத்த வந்தவர் தொண்டையைச் செருமினார்.
நான்காம் பக்கம் வெளியே வந்தது.
பாடுகிறவள் பச்சையாக இருந்தாள்.
'டோனர் தீந்துபோச்சு' என்றார் தெய்வீகன்,
தன் குழந்தையின் மார்க் குறைந்ததுபோல.
சிவப்பு தேவைப்படாத பதினேழை மட்டும் எடுத்து
லேமினேஷன் போட்டுக் கொடுத்தார்.
'வெள்ளமே வந்தாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது.'
இந்த ஊரில் அதை யாரும்
வேடிக்கைக்குச் சொல்வதில்லை.

பென்டிரைவை மறந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை வாங்கிவரப் போனபோது
சந்து முனையிலேயே கேட்டது:
பதினோராம் பாட்டு.
தட்டில் இல்லாத நான்கில் ஒன்று.
கம்ப்யூட்டர் பக்கத்து இரண்டு குட்டி ஸ்பீக்கரில்.
மிஷினின் பச்சை வெளிச்சம் தாளத்துக்கு ஒட்டாமல்
போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.
சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ்,
பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்,
வரிசையில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

கோபம் வந்திருக்க வேண்டும்.
நான் ஒப்புக்கொண்டதில் ஒரு வரி
நிச்சயம் இதைப்பற்றித்தான் இருந்திருக்கும்.

'அழிக்கத்தான் இருந்தேன் மேடம்.
ஒருதடவை கேட்டுட்டு...'
காதுமடல் வரை சிவந்துவிட்டார்.
டோனரில் இல்லாத சிவப்பு.
பிறகு குரலைத் தாழ்த்தி,
'ஒரு சந்தேகம். நாலாவது நிமிஷம்,
கரைன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி
உஸ்ஸுனு ஒண்ணு வருதே,
ஃபைல் கெட்டுப்போயிருக்கா?'

மவுசால் பின்னுக்கு இழுத்தார்.
இரண்டுபேரும் குனிந்தோம்.
இத்தனை நாள் நல்ல இயர்போனில் கேட்ட எனக்கு
அது கேட்டதேயில்லை.
இன்னொருதரம் இழுத்தார்.

'கெடலை' என்றேன்.
'மூச்சு வாங்குறாங்க.'

'ஓ' என்று ஸ்பீக்கரையே பார்த்தார்.
'சார், ரெண்டு காப்பி' என்றார் வரிசையில் ஒருவர்.
'இருங்க' என்றார் தெய்வீகன்,
'ஒரு நிமிஷம் இருங்க.'